புளித்துப்போன பழரசமும் பழப்பாகும்: உண்ணலாமா, கொட்டலாமா?

(கிராமக் கூட்டுறவுச் சங்கமொன்றின் பொதுக்கூட்டத்தில் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கடன், தவணை, வட்டி என்னும் சொற்களையே என் வாயிலிருந்து கேட்டுப் பழகிய தங்கள் முன்னிலையில் இன்று நான் பழரசத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சற்று விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் இவ்விஷயமும் ஒரு கடனிலிருந்தே பிறந்ததாகும்.

சென்ற மாம்பழப் பருவத்தில், என் சரகத்தைச் சேர்ந்த ஒரு சங்கத்தின் அங்கத்தினர் சிலர், சந்தையில் விலைபோகாத பழத்தை வீணாக்க மனமின்றி, சங்கத்தில் சிறு கடன் பெற்றுச் சீசாக்கள் வாங்கினர். பழத்தைப் பிழிந்து, சர்க்கரையும் எலுமிச்சஞ்சாறும் சேர்த்து, சுமார் ஆறு டஜன் சீசாக்களில் அடைத்துத் தக்கையிட்டு வைத்தனர். சீசாக்களில் அடங்காத மிச்ச ரசம் ஒரு பித்தளை அண்டாவிலேயே நின்றுவிட்டது. சில தினங்கள் கழித்து, இரவில் தக்கைகள் ஒவ்வொன்றாகத் துள்ளி விழத் தொடங்கின. இரண்டு சீசாக்கள் வெடித்தே போயின. மறுநாள் கணக்குத் தணிக்கைக்காக நான் அங்குச் சென்றபோது, காரியதரிசி ஒரு சீசாவைக் கையில் எடுத்து வந்து, "ஐயா, இதை மறுபடி காய்ச்சி விற்றுவிடலாமா? கொட்டிவிட்டால் கடனை எதைக் கொண்டு அடைப்பது?" என்று வினவினார்.

எனக்கு விடை தெரியவில்லை. "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன். நான் அன்று வாளாவிருந்தது தவறு. அன்று மாலை, களத்து வேலை முடிந்து வந்த நால்வர் அண்டாவிலிருந்த ரசத்தை மொண்டு குடித்தனர். அரைமணி நேரத்திற்குள் நால்வருக்கும் வயிற்றைப் புரட்டி வாந்தி கண்டது. புளித்த ரசம் விஷமாகிவிட்டது என்று ஊர் முழுதும் பேசிற்று. ஆனால் அதே தினத்தில், அதே ரசத்தைச் சீசாவிலிருந்து ஊற்றிக் குடித்த வேறு மூவருக்கு ஏப்பத்தைத் தவிர யாதொரு தொந்தரவும் நேரவில்லை. இந்தப் பேதத்தின் காரணத்தை விசாரிக்கப் புகுந்த பிறகுதான் இவ்விஷயத்தில் எனக்குச் சிறிது தெளிவு உண்டாயிற்று. அதனையே தங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

புளித்தல் என்பது நமக்குப் புதிதன்று. இட்டிலி மாவு புளிக்காவிடில் வருந்துகிறோம். பழரசம் புளித்தாலோ வருந்துகிறோம். பழஞ்சோறும் மோரும் புளிப்பினாலேயே நமக்கு உகந்தவையாகின்றன. பனையிலிருந்து இறங்கும் சாறு, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீராக நிற்கிறது. தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடுகிறது. மரம் ஒன்றே, சாறும் ஒன்றே. சுண்ணாம்பின் காரத்தில் வேலை செய்ய இயலாத ஏதோ ஓர் உயிர், அது இல்லாத கலயத்தில் பெருகி வேலை செய்கிறது என்பது இதனால் விளங்கும். பிரான்ஸ் தேசத்து லூயி பாஸ்டர் என்னும் சாஸ்திரியார், 1857-ம் வருஷம் முதல் வெளியிட்ட தமது ஆராய்ச்சிகளில், புளித்தல் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் செய்கையே என்று நிரூபித்தார்.

அவ்வுயிர்களில் ஈஸ்ட் என்பது ஓர் இனம். அது பழங்களின் தோலிலேயே குடியிருக்கிறது. பழத்தைப் பிழிந்ததும் ரசத்தில் இறங்கிச் சர்க்கரையைத் தின்று, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. நுரைப்பதும் தக்கையைத் தள்ளுவதும் அவ்வாயுவே. ஈஸ்ட் தன்னளவில் மனிதனுக்கு விஷமன்று. நாம் உண்ணும் ரொட்டியை உப்பச் செய்வதும் அதுவே. பிறகு காற்றுப் பட்டால் வேறொரு பாக்டீரியா புகுந்து சாராயச் சத்தைக் காடியாக மாற்றிவிடும். காடியும் விஷமன்று, ஆனால் தானாக உண்டான காடியின் வலிமை இவ்வளவென்று நமக்குத் தெரியாதாகையால், அதை நம்பி ஊறுகாய் போட்டு வைப்பது கூடாது.

ஆகையால், சுத்தமான கண்ணாடிப் பாத்திரத்தில் இருந்த புளிப்பான பழரசம் ஓரிரு நாளில் சிறிது நுரைத்ததென்றால், அதனைக் குடித்த ஆரோக்கியமான மனிதர் பெரும்பாலும் யாதொரு தீங்கும் அடையமாட்டார். சீசா ரசம் குடித்த மூவரின் கதை அதுவே. எனினும் அதில் சாராயச் சத்து உண்டென்பதை மறத்தலாகாது. குழந்தைகளுக்கும், கர்ப்பவதிகளுக்கும், நோயாளிகளுக்கும் அதைக் கொடுக்கக்கூடாது. மதுவைத் தொடுவதில்லை என்று நியமம் பூண்டவருக்கு அதைச் சொல்லாமல் கொடுப்பது வஞ்சகமேயாகும்.

அவ்வாறாயின் அந்த நால்வருக்கு நேர்ந்தது யாது? அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தோம். கலாய் பூசிப் பல வருஷங்களாகியிருந்தது. அடியிலும் பக்கங்களிலும் ஈயம் தேய்ந்து, பித்தளை வெளிப்பட்டுப் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. பழத்தின் புளிப்பு செம்பைக் கரைத்து ரசத்தில் கலந்துவிட்டது. செம்பு கலந்த பானம் உள்ளே சென்ற சிறிது நேரத்திலேயே வாந்தி காணும். துத்தநாகப் பூச்சுள்ள வாளியில் பழரசத்தை வைத்தாலும் இதே கெடுதி உண்டு. கலியாண வீடுகளில் எலுமிச்சைப் பானகத்தை அவ்வாளிகளில் கரைத்து வைக்கும் வழக்கத்தை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். அதை உடனே விட்டுவிட வேண்டும். குற்றம் பாத்திரத்தினுடையதாயிருக்க, பழி புளிப்பின்மேல் விழுந்தது.

இதனால், "புளித்தது, பாதகமில்லை" என்று யாரும் நிம்மதி கொள்ளவேண்டாம். நாம் வேண்டுமென்று புளிக்கவைப்பது வேறு, நம்மை அறியாமல் புளித்துப்போவது வேறு. பின்னதில் ஈஸ்ட் நுழைந்த வாசல் வழியாக இன்னும் யார் யார் நுழைந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. அவர்களில் இருவரைப் பற்றி நான் எச்சரிக்கவேண்டும்.

முதலாவது பூசணம். ஜாமின் மேல் பச்சையாகவோ கருமையாகவோ ஒரு பொட்டு தோன்றினால், கரண்டியால் அதை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மீதியை உண்பது நமது வீடுகளில் வழக்கம். என் தாயாரும் அவ்வாறே செய்வார். ஆனால் பூசணத்தின் வேர்போன்ற இழைகள் மெத்தென்ற பண்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஆழமாக ஓடியிருக்கும். சில பூசணங்கள் விஷத்தைக் கக்குகின்றன. ஆப்பிள் பழத்தை அழுகச் செய்யும் ஒரு பூசணம் பட்டுலின் என்னும் விஷத்தை உண்டாக்குகிறது. ஆப்பிள் ரசத்தில் அது ஒரு கிலோகிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாதென்று அளவு விதித்திருக்கிறார்கள். அவ்விஷம் காய்ச்சினாலும் எளிதில் அழிவதில்லை. அழுகின பாகத்தை அரிந்தெறியாமல், ரசத்திற்குத்தானே என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பிழிவோர் இதனைக் கவனிக்கவேண்டும்.

இங்கே உப்பு மாங்காய் ஜாடியில் படரும் வெண்மையான ஆடையைப் பற்றித் தாய்மார்கள் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் ஈஸ்ட் இனத்தைச் சேர்ந்தது, தானே விஷமன்று. ஆனால் அது புளிப்பைத் தின்றுவிடும். புளிப்புக் குறைந்த ஜாடிக்குள் மற்றக் கிருமிகள் தைரியமாக நுழையும். ஆகவே ஆடை தோன்றிய அன்றே எடுத்துவிட்டு, காய் முழுதும் உப்புநீரில் அமிழ்ந்திருக்கச் செய்யவேண்டும். காய் குழைந்து துர்நாற்றம் வீசினாலோ, நிறமுள்ள பூசணம் கண்டாலோ ஜாடியோடு காலிசெய்துவிடுக.

இரண்டாவது எதிரி இதனினும் கொடியது, ஆனால் அபூர்வமானது. கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்பது அதன் பெயர். மண்ணில் வாழ்வது. அதன் வித்துக்கள் கொதிக்கும் ஜலத்திலும் சாவதில்லை. அழுத்தமுள்ள நீராவியில் 121 டிகிரி வரையில் சூடேற்றினால்தான் சாகும். காற்றுப் புகாத சீசாவுக்குள், புளிப்பில்லாத ஈரமான பண்டத்தில் அது முளைத்து, நரம்புகளைச் செயலற்றுப்போகச் செய்யும் விஷத்தை உண்டாக்குகிறது. இமை தொங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், நாக்குழறல், விழுங்க இயலாமை, முடிவில் மூச்சுத்திணறல் என்பவை அதன் அறிகுறிகள். இவை கண்டால் ஒரு நாழிகையும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். அவ்விஷமுள்ள பண்டம் நாற்றத்தாலோ ருசியாலோ தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்க்கமுடியாது.

நமக்கு ரக்ஷையாயிருப்பது புளிப்பே. புளிப்பை அளக்க பி.எச். என்னும் ஓர் அளவு உண்டு; எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். 4.6-க்குக் கீழே அக்கிருமி முளைக்காது. எலுமிச்சை 2-க்குச் சற்று மேலே நிற்கிறது. திராட்சையும் அன்னாசியும் ஏறக்குறைய 3-க்கும் 4-க்கும் இடையில் இருக்கின்றன. ஆனால் பப்பாளியும் தர்ப்பூசணியும் 5-ஐத் தாண்டியவை. பலாவும் வாழையும் எல்லைக்கு அருகிலோ அதற்கு மேலோ நிற்பவை. நன்றாகக் கனிந்த மாம்பழத்திலும் சில வகைகள் எல்லையைக் கடந்துவிடும். பழமென்றால் புளிப்பு என்று நாம் எண்ணுவது எவ்வளவு தவறென்று பாருங்கள். இனிப்புப் பழங்களின் கூழைச் சீசாவில் அடைப்பவர் எலுமிச்சஞ்சாற்றையோ சிட்ரிக் அமிலத்தையோ அளந்து சேர்க்காமல் அடைக்கவே கூடாது.

அப்படியானால் வாழைப்பழத்தில் செய்யும் பஞ்சாமிர்தம் எவ்வாறு கெடாமல் இருக்கிறது என்று கேட்பீர்கள். அதைக் காப்பது புளிப்பன்று, இனிப்பு. 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற பழநிப் பஞ்சாமிர்தத்தில் ஜலம் ஒரு துளியும் சேர்ப்பதில்லை என்பது பிரசித்தம். சர்க்கரையும் தேனும் பழத்திலுள்ள நீரைத் தம்மிடம் கட்டிவைத்துக்கொள்வதால், கிருமிக்குக் குடிக்க நீர் கிடைப்பதில்லை. ஜாமும் அப்படியே, அதில் நூற்றுக்கு 65 பங்கு அளவில் சர்க்கரை முதலிய கரைந்த சத்து நிற்கவேண்டும் என்பது அதனாலேதான். வீட்டில் செய்யும்போது சர்க்கரையைக் குறைத்தாலோ, ஈரக் கரண்டியை இட்டாலோ, இரண்டு மூன்று தினங்களில் பஞ்சாமிர்தம் பொங்கிக் கள் வாசனை வீசும். அவ்வாறு பொங்கியதைப் பிரசாதமென்று பக்தியின் பேரில் உண்ணவேண்டியதில்லை. வேறொரு சொல்லும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். தேனில் மேற்சொன்ன கிருமியின் வித்துக்கள் இருக்கக்கூடும். பெரியோர் வயிற்றில் அவை முளைப்பதில்லை. ஒரு வயது நிரம்பாத சிசுவின் குடலில் முளைக்கக்கூடும். ஆகையால் தேன் சேர்ந்த எதையும் கைக்குழந்தையின் நாவில் தடவுதல் கூடாது. பாட்டிமார் என்னைக் கோபித்துக்கொண்டாலும் இதை நான் சொல்லியே தீரவேண்டும்.

இனிக் காரியதரிசியின் கேள்விக்கு வருகிறேன். மறுபடி காய்ச்சினால் ஈஸ்ட் மடியும், நுரை அடங்கும். ஆனால் பூசண விஷம் போகாது. கரைந்த செம்பு போகாது. இழந்த ருசியும் திரும்பாது. வாங்குகிறவருக்கோ நல்ல சரக்கைப்போலவே தோன்றும். கெட்டுப்போனதை அறிவிக்கும் ஒரே அடையாளமாகிய நுரையை நாமே அழித்துவிட்டிருப்போம். ஒருவர் தம் வீட்டில், தாம் பிழிந்த ரசத்தை, இன்ன பழம், இன்ன பாத்திரம், இத்தனை நாள் என்று தெரிந்துகொண்டு குடிப்பது அவருடைய பொறுப்பு. சங்கத்தின் பெயரொட்டிய சீசாவை வாங்குபவருக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பற்ற உணவை விற்பது குற்றம் என்பதையும் பஞ்சாயத்தார் நினைவில் வைக்கவேண்டும்.

புளியாமல் காக்கும் வழி கடினமானதன்று. சீசாக்களை முன்னதாகக் கொதிநீரில் இட்டு எடுக்கவேண்டும். கழுத்தில் இரண்டு விரற்கடை வெற்றிடம் விட்டு ரசத்தை நிரப்பி, மூடி, துணி விரித்த பாத்திரத்து நீரில் நிறுத்தி, 85 டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வைத்திருந்தால் ஈஸ்ட் அழியும். இது புளிப்பான ரசத்திற்கு மட்டுமே பொருந்தும். ஸ்குவாஷ் செய்வோர் கிலோகிராமுக்கு 0.6 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைச் சிறிது நீரில் கரைத்துச் சேர்ப்பது வழக்கம். தராசில் நிறுத்தே போடவேண்டும். சிட்டிகைக் கணக்கு உதவாது. ஆஸ்துமா உள்ளவர் சிலருக்கு அது ஒவ்வாதாகையால் சீட்டில் அதன் பெயரை எழுதுவது அவசியம். நாவல், கறுப்புத் திராட்சை முதலிய ரசங்களில் அது நிறத்தை வெளுத்துவிடும். அவற்றிற்குச் சோடியம் பென்ஸோவேட்டை உபயோகிக்கவேண்டும். ஏற்கெனவே பொங்கி நிற்கும் சீசாவைத் திறக்க நேர்ந்தால், குளிர்ந்த நீரில் வைத்து ஆறவிட்டு, ஈரத்துணியால் போர்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியில் வைத்துத் திறக்கவேண்டும். வெடித்த கண்ணாடி கண்ணைப் பறித்துவிடும்.

அந்தச் சங்கத்தார் மிஞ்சிய சீசாக்களின் ரசத்தையெல்லாம் எருக்குழியில் கொட்டினர். பழத்தின் விலையும் சர்க்கரையின் விலையும் நஷ்டமாக எழுதப்பட்டன. சீசாக்கள் மிஞ்சினபடியால் கடன் தவணை ஒரு வருஷம் நீட்டிக்கப்பட்டது. அண்டா கலாய்க்காரரிடம் போயிற்று. வருகிற பருவத்தில் அச்சங்கத்துக் களத்திலேயே சீசா அடைக்கும் முறையைச் செய்து காட்ட ஏற்பாடு நடந்துவருகிறது. இங்கிருந்து வர விரும்புவோர் தங்கள் பெயர்களை இன்றே காரியதரிசியிடம் கொடுத்துவிடலாம். வரும்போது மூடியுள்ள கண்ணாடிச் சீசாக்கள் இரண்டும் எலுமிச்சம்பழம் நான்கும் கொண்டுவரவேண்டும்.