கிராம இல்லங்களில் அலங்காரப் பொருள்கள்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்திற்கென அமைந்த சொற்பொழிவு)

வீட்டு அலங்காரம் என்றவுடனே அது தனவந்தர்களுக்கும் பட்டணவாசிகளுக்கும் மாத்திரம் உரிய விஷயமென்று கிராமவாசிகளில் அநேகர் எண்ணிவிடுகின்றனர். உழவும் எருவும் விதையும் பேசப்படவேண்டிய கூட்டத்தில் பாயையும் விளக்கையும் படத்தையும் பற்றிப் பேசுவானேன் என்ற கேள்வியும் சிலருக்கு உண்டாகலாம். ஆயினும், குடியானவரது வீட்டினின்று வெளியே செல்லும் பணத்தில் ஒரு பகுதி அலங்காரத்தின் பொருட்டே செல்லுகிறதென்பதை எவரும் மறுப்பதற்கில்லை. விவாகத்திற்கு முன்னும், புதுமனை புகும்போதும், தீபாவளி பொங்கல் காலங்களிலும் வாங்கப்படும் சாமான்களில் எவை இல்லத்திற்கு அழகும் சௌகரியமும் அளிக்கின்றன, எவை ஒரு வருஷத்திற்குள் குப்பைமேட்டைச் சேருகின்றன என்பது, கடன் கொடுக்கும் சங்கமும் கடன் வாங்கும் அங்கத்தினரும் அறிந்திருக்கவேண்டிய விஷயமேயாகும்.

1904-ஆம் வருஷத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் ஏற்பட்டது. அவ்வருஷத்திலேயே திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில், அக்காலத்துச் சென்னை ராஜதானியின் முதல் கிராமச் சங்கம் தோன்றியது. கொடிய வட்டியினின்று குடியானவரை விடுவிப்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் இன்றும் முற்றுப்பெற்றதாகச் சொல்ல இயலாது. கண்ணாடிக் கதவிட்ட அலமாரியும், மினுமினுக்கும் பொம்மைகளும், பிளாஸ்டிக் பூச்செண்டுகளும் தவணைக்கு வீடு தேடி வருகின்றன. மாதம் 100-க்கு 3 ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் கடன்பட்டு ஒருவர் இவற்றை வாங்குவதாக வைத்துக்கொண்டால், அவர் ஒரு வருஷத்தில் வட்டியாக மாத்திரம் செலுத்துவது 3,600 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். பொம்மையின் மினுக்கோ நிற்காது. அலங்காரமே வேண்டாமென்று சொல்லுவது எளிது. அது மனித சுபாவத்திற்கு ஒவ்வாத உபதேசம். குடிசையிற்கூட வாசலில் கோலமிடாமல் பொழுது விடிவதில்லை. ஆகையால் எதை வாங்குவது, எங்கே வைப்பது, எவரிடம் வாங்குவது என்பவற்றை ஆராய்வதே பிரயோஜனமுள்ள வழி.

எந்த அலங்காரத்திற்கும் முதற்பொருள் வெளிச்சமாகும். இருண்ட அறையில் ஆயிரம் ரூபாய் சாமானும் ஒரு ரூபாய் சாமானும் ஒன்றே. ஜன்னலை மறைத்துக் கனத்த திரையைத் தொங்கவிடுவது சிலருக்கு நாகரிகமாகத் தோன்றுகிறது. காற்றும் ஒளியும் தடைப்பட்டு, திரையில் தூசியும் புகையும் படிவதே அதன் பலன். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை வெண்மையாக வைத்தால் அறை முழுவதும் ஒளி பரவும். அதற்கு விலையுயர்ந்த வர்ணம் அவசியமில்லை. நன்றாய் நீற்றிய கல் சுண்ணாம்பையேனும் கிளிஞ்சல் சுண்ணாம்பையேனும் துணியில் வடிகட்டி, சிறிது அரிசிக் கஞ்சியும் துளி நீலமும் சேர்த்து, சுவரை முன்னதாக நனைத்துக்கொண்டு, தடிப்பாக ஒரு முறை பூசுவதைவிட மெல்லியதாக மூன்று முறை பூசவேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கிரகித்து இறுகுவது. அதன் காரத்தினால் பூஞ்சணமும் பூச்சிகளும் எளிதில் அண்டா. பூசும்போது கண்ணில் தெறிக்காதபடி மாத்திரம் ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். வெண்சுவரின் அடியில் ஒரு முழ உயரத்திற்குக் காவிப் பட்டை தீட்டினால், தரையைத் துடைக்கும்போது தெறிக்கும் அழுக்கும் தெரியாது. சுவருக்கும் ஒரு கரை கட்டினாற்போல் இருக்கும்.

இனித் தரை. கிராம வீட்டில் தரையே ஆசனம், தரையே படுக்கை, தரையே பந்தி. ஆகையால் தரைமேல் விரிப்பதே இல்லத்தின் தலையாய அலங்காரப் பொருள். இதில் திருநெல்வேலிச் சீமைப் பத்தமடைப் பாய்க்கு ஈடு சொல்லுவதற்கில்லை. தாமிரபரணியின் நீர்வளத்தில் விளையும் கோரையைப் பசுமை மாறாமல் அறுத்து, உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழித்து, ஓடும் தண்ணீரில் சில தினங்கள் ஊறவைக்கின்றனர். ஊறிய கோரை பருத்து மிருதுவாகிறது. மறுபடியும் உலர்த்திச் சாயமேற்றுகின்றனர். முற்காலத்தில் சிவப்புக்கு வர்த்தங்கிக் கட்டையின் சாயம் வழங்கிற்று. பின்னர் ரசாயனச் சாயங்கள் வந்தன. பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாகக் கட்டி, கோரையை ஊடையாக ஒவ்வொன்றாய்ச் செலுத்தி நெய்கின்றனர். கோரை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நாட்கள் வேலை நீளும். மிக நேர்த்தியான பாய் துணியைப்போல் மடிந்து சிறு கட்டாக அடங்கும். விவாகப் பாயில் மணமக்களின் பெயரையே நெய்து கொடுப்பதும் வழக்கம். இத்தொழிலைச் செய்வோரில் பெரும்பாலார் லப்பை முஸ்லிம் குடும்பத்தினர்; அவர்களிலும் பெண்களின் கைவேலையே அதிகம். ஹிந்து விவாகத்தில் விரிக்கும் பாயை முஸ்லிம் ஸ்திரீகள் நெய்து தருவது அந்தப் பிரதேசத்தில் வெகுகாலமாக நடந்துவருவது. அதை எவரும் ஓர் அதிசயமாகக் கருதுவதுமில்லை.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உண்மையே. ஆனால் பிளாஸ்டிக் பாய் சந்தைக்கு வந்த பின் சாதாரணக் கோரைப் பாய்க்கு இருந்த கிராக்கி குறைந்தது. பிளாஸ்டிக் பாய் தண்ணீரில் கழுவத்தக்கது, விலை சரசமானது என்பவை மெய்தான். எனினும் அது வியர்வையை உறிஞ்சாது. கோடையில் உடம்பில் ஒட்டும். கிழிந்தால் மண்ணில் மட்காது, எரித்தால் விஷப் புகை. கோரைப் பாயோ குளிர்ச்சி பொருந்தியது; உழைத்துத் தேய்ந்தபின் எருக்குழியில் இட்டால் மண்ணோடு மண்ணாகும். பாவு நூலைமட்டும் முன்னரே உருவி எடுத்துவிடலாம். கோரைப் பாயைத் தண்ணீரில் முக்கலாகாது. ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி, எலி எட்டாத இடத்தில் நிறுத்தி வைக்கவேண்டும். நேர்த்தியான பாயொன்றை அன்றாடம் விரித்துத் தேய்த்துவிட மனமில்லாதவர்கள் அதைச் சுவரில் நீளவாட்டில் தொங்கவிடலாம். எந்தத் திரைச்சீலைக்கும் அது குறைந்ததன்று.

கூடம் பெரிதாகவும், உறவினர் வரவு அதிகமாகவும் உள்ள வீடுகளுக்குப் பவானி ஜமக்காளம் ஏற்றது. காவிரியும் பவானியும் கூடுமிடத்திலுள்ள அவ்வூரில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆங்கில மில் துணியின் போட்டியால் பிழைப்பிழந்த நெசவாளர்கள் முரட்டு நூலில் வர்ணப் பட்டைகளோடு நெய்யத் தொடங்கியதே இந்த ஜமக்காளம். குழித்தறியில் நெய்யப்படும் இதில் ஊடை நூலே மேலோங்கிப் பாவு நூலை மறைத்து நிற்பதால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலிருக்கும். ஒரு பக்கம் அழுக்கேறினால் மறுபக்கம் விரிக்கலாம். 1985-ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி ஜமக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஒன்று. அப்படியிருந்தும் விசைத்தறிச் சரக்குப் பவானியின் பெயரைச் சூடிக்கொண்டு குறைந்த விலைக்கு விற்பனையாகிறது. ஏமாறுகிறவர் வாங்குபவர் மாத்திரமல்லர். தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரின் கூலியும் அதோடு குறைகிறது. மகன் தறிக்கு வராமல் வேறு வேலை தேடிப் போவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுவதில்லை. ஆகையால் ஜமக்காளம் வாங்குவோர் 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேனும், 1935-இல் மாகாணக் கைத்தறி நெசவாளர் சங்கமாகத் தோன்றிய கோ-ஆப்டெக்ஸிலேனும் வாங்குவது உத்தமம்.

விளக்கைப் பற்றிச் சில வார்த்தைகள். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நாச்சியார்கோவிலில் காவிரியின் வண்டல் மண்ணைக் கொண்டு அச்சுப் பிடித்துப் பித்தளைக் குத்துவிளக்குகளை வார்க்கின்றனர். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியிலுள்ள அன்னம் முதலிய முகப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக வார்த்துக் கடைந்து, திருகி இணைப்பது வழக்கம். இதில் அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டிய பொருளாதார அம்சம் ஒன்றுண்டு. பித்தளைச் சாமான் எவ்வளவு பழையதானாலும் எடைக்கு விலை உண்டு. முலாம் பூசிய இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் அந்த யோக்கியதை இல்லை. அலமாரியில் வைப்பதற்கென்று தனியாகப் பொம்மை வாங்குவதைக் காட்டிலும், வீட்டிலுள்ள குடம், சொம்பு, தாம்பாளம் இவற்றைத் துலக்கி ஒரே பலகையில் உயர வரிசையாக அடுக்குவது கண்ணுக்கு நிறைவானது, செலவும் இல்லை. புளியால் துலக்கியபின் நன்றாய் அலம்பி ஈரமில்லாமல் துடைக்கவேண்டும். புளி தங்கிய இடத்தில் களிம்பு ஏறும்.

சுவர்ப் படங்களின் விஷயத்தில் கிராம வீடுகளில் காணும் குறை, போதாமையன்று, மிகுதியே. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவிய பிறகு தெய்வப் படங்கள் சாமானிய வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. பின்னர்க் கோவில்பட்டியிலிருந்து கொண்டைய ராஜு எழுதிய படங்கள் சிவகாசி நாட்காட்டிகளின் மூலமாக ஊர்தோறும் பரவின. அவற்றைப் பக்தியோடு போற்றுவதில் தவறில்லை. ஆனால் வருஷந்தோறும் வந்த நாட்காட்டிகளையெல்லாம் கழற்றாமல் ஒரே சுவரில் ஆணியடித்து நிறைத்து வைத்தால், பின்புறம் பல்லிக்கும் பூச்சிக்கும் இருப்பிடமாகிறது. முன்புறம் எதுவும் கண்ணில் நிற்பதில்லை. ஒரு சுவருக்கு ஒரு படம், நிற்பவரின் கண்மட்டத்தில், மழை நீர் ஊறாத இடத்தில் என்பதே போதுமானது.

கிராமத்துப் பொருள்களைக்கொண்டே எவ்வளவு பெரிய அலங்காரமும் செய்யலாமென்பதற்கு ஹரிபுராவே சாட்சி. 1938-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சூரத் ஜில்லாவிலுள்ள அக்கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, காந்தியடிகளின் விருப்பத்திற்கிணங்கச் சாந்திநிகேதனத்துச் சித்திராசிரியர் நந்தலால் போஸ் அலங்கார வேலையை ஏற்றார். மூங்கிலும் கூரையும் கதருமே அங்குப் பிரதான சாமான்கள். கைக் காகிதத்தை வைக்கோல் அட்டையில் ஒட்டி, மண் வர்ணங்களால் அவரும் மாணாக்கர்களும் தீட்டிய படங்கள், பிரதிகள் உட்பட 400 அளவில் இருந்தன. அவற்றில் எழுதப்பட்டவர்கள் மத்தளம் கொட்டுகிறவர், தையற்காரர், காளையை நடத்துகிறவர், நெல் குத்தும் பெண் முதலியோர். பந்தலுக்கு வந்த குடியானவர்கள் தங்கள் தொழிலையே படத்தில் கண்டனர். அப்படங்கள் இன்று தேசத்தின் கலைச் செல்வமாகப் பாதுகாக்கப்படுகின்றன; அவற்றிற்கு உபயோகித்த வர்ணங்கள் எந்தக் கிராமத்திலும் கிடைக்கக்கூடிய வகையைச் சேர்ந்தவை.

மாவிலைத் தோரணமும், தென்னங்குருத்தோலைப் பின்னலும் விலையின்றிக் கிடைப்பவை. கோலத்தை அரிசி மாவினாலேயே இட்டால் எறும்புக்கும் உணவாகும். பனையோலையில் பின்னி வர்ணமேற்றும் செட்டிநாட்டுக் கொட்டான்கள் வெற்றிலைக்கும் பழத்திற்கும் பாத்திரமாவதோடு, வெறுமனே வைத்தாலும் அழகு தருவன. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை குழந்தைகள் உள்ள வீட்டில் வெகுநாள் தங்காது. அதற்காக வருந்துவாரும் இல்லை.

இவ்விஷயத்தில் சங்கம் செய்யத்தக்கது ஒன்று. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியே நகரத்துக் கடையில் ஒரு பாயும் ஒரு ஜமக்காளமும் வாங்கும்போது, இடைத்தரகரின் லாபமும் வண்டிச் சத்தமும் அவர்கள் தலையில் விழுகின்றன. சங்கக் காரியதரிசி வருஷத்திற்கு ஒரு முறை பதிவுப் புத்தகம் வைத்து, எவருக்கு என்ன சாமான், என்ன அளவு வேண்டுமென்று குறித்து, முன்பணம் வசூலித்து, நெசவாளர் சங்கத்திற்கும் வார்ப்பாளர்களுக்கும் நேரே மொத்தமாக எழுதலாம். 1973-இல் சர்க்காரால் ஏற்படுத்தப்பட்ட பூம்புகார் நிலையத்தின் மூலமாகவும் கைவினைப் பொருள்களைப் பெறக்கூடும். விவாகத்திற்கென்று மாதந்தோறும் சிறு தொகை சேமித்து வரும் அங்கத்தினர்களின் சிக்கன நிதியிலிருந்தே இம்முன்பணத்தைச் செலுத்தினால் கடனுக்கு இடமேயில்லை. முன்பணம் கையில் இருந்தால் நெசவாளரும் நூலுக்கும் கோரைக்கும் பிறரிடம் கடன்படவேண்டியதில்லை.

தை மாதத்து விவாகங்களுக்கு வேண்டிய சாமான்களை ஆவணியிலேயே எழுதிவிடுவது நலம். தீபாவளி நெருங்கினால் தறிகளுக்கு ஓய்விராது. நேர்த்தியான பாயோ அவசரத்தில் நெய்யப்படுவதன்று. எழுதும்போது கூடத்தின் நீள அகலத்தை ஒரு கழியால் அளந்து, தூண்களுக்கு இடையிலுள்ள தூரத்தையும் சேர்த்துக் குறிப்பிடவேண்டும். அளவு தவறி வந்த ஜமக்காளத்தைத் திருப்பியனுப்பும் செலவு, பெரும்பாலும் அதில் மிச்சம் பிடித்த தொகையைவிட அதிகமாகவே ஆகிறது.