தலைப்பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி?
வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பேச்சு



நான் மருத்துவர் அல்ல, தாதியும் அல்ல. சுகாதாரக் கையேடுகளை மலாயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலை. பிரசவ ஆஸ்பத்திரி பற்றிக் கர்ப்பிணிகளிடம்தானே பேச வேண்டும், எங்களிடம் ஏன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் அந்த முடிவை எடுப்பது பல நேரம் நீங்கள்தான். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். மகள் ஷா ஆலத்திலோ ஜொகூரிலோ குடும்பம் நடத்துவாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பினாங்குக்கு அழைத்து வருவோம். அப்போது "எங்கே காட்டலாம்?" என்று மாப்பிள்ளை கேட்பார். "உன் அத்தை பிள்ளை பெற்ற இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று அம்மா சொல்வார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அந்தப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடியக் கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். அத்தைக்குப் பொருத்தமாக இருந்த இடம் மகளுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. எந்த ஆஸ்பத்திரி என்பதைக் கர்ப்பத்தின் நிலைமைதான் தீர்மானிக்க வேண்டும்.

உங்களில் பலர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள். மருத்துவச்சி வந்து பார்த்த காலமும், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸர் மருந்து கொடுத்த காலமும் உங்களுக்குத் தெரியும். நாடு சுதந்திரம் பெற்ற 1957இல், ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 280 தாய்மார்கள் இறந்துபோனார்கள். 2020இல் அந்தக் கணக்கு 25 அளவுக்கு இறங்கியிருந்தது. பயிற்சி பெற்ற அரசாங்க மருத்துவச்சிகள், கிராமம்வரை போன தாய்சேய் கிளினிக்குகள், சாலைகள், ரத்த வங்கிகள் எல்லாம் சேர்ந்துதான் இதைச் செய்தன. 1991 முதல் இந்நாட்டில் ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் ஒரு குழு தனியாக ஆராய்கிறது. எங்கே தவறியது, எதைச் செய்திருந்தால் அந்தத் தாய் பிழைத்திருப்பாள் என்று பார்ப்பதற்காக. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த எண் இறங்கியது.

இனி, கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்துக்கு வருவோம். மகளின் கையில் அதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அட்டையில் ஒரு நிறக் குறி ஒட்டியிருக்கும். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நான்கு நிறங்கள். இதைத் தமிழாக்கும்போது எனக்கு ஒரு தயக்கம் வந்தது. நமக்கு மஞ்சள் மங்கலம், சிவப்பு குங்குமம். வெள்ளையைத்தான் நல்ல காரியத்தில் தள்ளி வைப்போம். இந்தப் புத்தகத்திலோ எல்லாம் தலைகீழ். வெள்ளை என்றால் பெரிய கவலை இல்லை, தாதியர் கவனிப்பிலேயே தொடரலாம். பச்சை என்றால் கிளினிக் மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி நிபுணரிடமோ குடும்ப மருத்துவ நிபுணரிடமோ காட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிப்பு, அதிக ரத்தப்போக்கு போன்றவற்றுக்கு அந்த நிறம். "மஞ்சள்தான் ஒட்டியிருக்கிறார்கள், நல்லதுதான்" என்று தயவுசெய்து எந்தப் பாட்டியும் சொல்லிவிட வேண்டாம்.

நிறம் ஒரே நிலையில் நிற்காது. ஒவ்வொரு முறை போகும்போதும் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, குழந்தையின் வளர்ச்சி எல்லாம் பார்த்து மாற்றுவார்கள். ஐந்தாம் மாதம் வெள்ளை என்று பார்த்துவிட்டு, ஒன்பதாம் மாதமும் அதையே நம்பியிருக்கக் கூடாது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. பத்தில் மூன்று பேர். குடும்பத்தில் சர்க்கரை இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரையும் எளிதாக வரும். அப்போது குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாகலாம், தோள் சிக்கலாம், பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். "நம் குடும்பத்தில் எல்லாருக்கும் நாலு கிலோ பிள்ளைதான்" என்று பெருமையாகச் சொல்வோம். அதைத் தாதியிடமும் சொல்லுங்கள். அவர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி அது.

சரி, எந்த ஆஸ்பத்திரி?

முதல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும் என்பது இங்குள்ள முறை. வீட்டில் என்ற பேச்சே வேண்டாம். ஜார்ஜ்டவுனில் ரெசிடென்சி சாலையில் இருக்கிறது பினாங்கு பொது மருத்துவமனை, நாம் ஜி.எச். என்று சொல்வது. மாநிலத்தின் முதன்மை அரசாங்க ஆஸ்பத்திரி அதுதான். இரவு இரண்டு மணிக்கும் அங்கே மகப்பேறு மருத்துவர் இருப்பார், மயக்க மருத்துவர் இருப்பார். ரத்த வங்கியும் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் உண்டு. மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு ஒரு நாள் கட்டணம் 3 ரிங்கிட்தான். மற்றக் கட்டணங்கள் தனி.

அங்கே குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். பயிற்சி மருத்துவர் வந்து பார்ப்பார், பிறகு இன்னொருவர் வந்து அதையே கேட்பார். பாட்டி நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. இதையெல்லாம் நினைத்துத்தான் பல குடும்பங்கள் சேமிப்பை எடுத்துக்கொண்டு தனியாருக்குப் போகின்றன. போவதில் தவறில்லை. லாம் வா ஈ, அட்வென்டிஸ்ட், ஐலண்ட், கிளனீகல்ஸ், லோ குவான் லை, பந்தாய் என்று இந்தத் தீவில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சம் இல்லை. தனி அறை, ஆரம்பம் முதல் ஒரே மருத்துவர், அமைதி எல்லாம் கிடைக்கும். பிள்ளை பெறுகிறவளுக்கு அமைதியும் ஒரு மருந்துதான்.

ஆனால் அறையைப் பார்த்து, சாப்பாட்டைக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நம் டாக்டர் ஊரில் இல்லாத நாளில் வலி வந்தால் யார் வருவார் என்று கேளுங்கள். நடு இரவில் அவசரமாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமானால் மயக்க மருத்துவர் கட்டடத்திலேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? ரத்தம் கைவசம் இருக்கிறதா, வெளியிலிருந்து வர வேண்டுமா? குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல ஆஸ்பத்திரி தயங்காமல் பதில் சொல்லும்.

பணத்தையும் வெளிப்படையாகப் பேசுங்கள். பிரசவத் தொகுப்பு என்று ஒரு தொகை சொல்வார்கள். அது சுகப்பிரசவத்துக்கு மட்டுமா, சிசேரியன் ஆனால் எவ்வளவு, குழந்தையைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டியிருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. குறைமாதக் குழந்தை வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் இருக்க நேரிடலாம். அந்தச் செலவு வந்த பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டால், அங்கே அன்றைக்கு இடம் இருக்க வேண்டுமே. மருமகள் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் என்றால் அரசாங்கக் கட்டணமே வேறு. அதை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் கேட்டுவிடுங்கள்.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். நிறம் வெள்ளையாக இருந்து, தனியாரில் அந்தக் கேள்விகளுக்குத் திருப்தியான பதிலும் கிடைத்தால், எங்கே வசதியோ அங்கே பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைப் பிள்ளை, முன்பு செய்த சிசேரியன், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, இப்படி ஏதாவது ஒன்று இருந்தால், ரத்தமும் நிபுணரும் குழந்தைக்கான தீவிர சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம்தான் முதலில். அறை எப்படி இருக்கிறது என்பது அதற்குப் பிறகு.

வெளியூரிலிருந்து வரும் மகளுக்கு இன்னொன்று. வளைகாப்புக்கு நாள் குறிக்கும் அதே வாரத்தில் ஆஸ்பத்திரியும் முடிவாகிவிட வேண்டும். வந்ததும் பிங்க் புத்தகத்தோடு உங்கள் வட்டாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ஜாலான் பேராக்கிலோ பண்டார் பாரு ஆயர் ஈத்தாமிலோ, எது பக்கமோ அது. முதல் மாதம் முதல் எடுத்த பரிசோதனை எல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. தனியாரில் காட்டினாலும் அதைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம். மாப்பிள்ளை தனியார் துறையில் வேலை பார்ப்பவராக இருந்தால் நினைவுபடுத்துங்கள். ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்த கணவருக்கு 2023 ஜனவரி முதல் 7 நாள் விடுப்பு உண்டு. பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்பே முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும்.

வீட்டிலிருந்து போகும் வழியையும் யோசித்து வையுங்கள். பாலிக் பூலாவில் இருப்பவர்களுக்கு அங்கேயே அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தாலும் அது சிறியது. சிக்கல் வந்தால் மலைப்பாதை வழியாக நகரத்துக்குத்தான் வர வேண்டும். பட்டர்வொர்த்தில் இருப்பவர்கள் மாலை நேரத்துப் பாலத்தை நம்பித் தீவுக்கு வருவதைவிட, செபராங் ஜெயா ஆஸ்பத்திரியை முதலில் நினைக்கலாம். தைப்பூசத்தை ஒட்டிப் பிரசவத் தேதி இருந்தால் இப்போதே மாற்று வழி பார்த்து வையுங்கள். ரதம் வரும் நாளிலும் தண்ணீர்மலைப் பக்கம் சாலை மூடும் நாளிலும் காரில் மாட்டிக்கொண்டால், முருகனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பிரசவ மரணங்களைப் பற்றிப் பேசும்போது மருத்துவ உலகில் மூன்று தாமதங்கள் என்று சொல்வார்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பின்னால் வரும் இரண்டும் சாலையையும் ஆஸ்பத்திரியையும் பொறுத்தவை. முதல் தாமதம் நம் வீட்டு ஹாலில் நடப்பது. "எனக்கும் இப்படித்தான் இருந்தது, கொஞ்சம் கஷாயம் குடித்துப் படு" என்று ஒரு பெரியவர் அன்போடு சொன்னால், அந்தப் பெண் எழுந்து போக மாட்டாள். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் ரத்தப்போக்கு சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்குவது, மேல்வயிற்றில் வலி எல்லாம் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பில் முடியக்கூடிய அடையாளங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலும், பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் கசிந்தாலும் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கார் இல்லையென்றால் 999. நீங்கள் "கிளம்பு" என்று சொன்னால் வீடே கிளம்பும். அந்தச் சொல் உங்களிடம்தான் இருக்கிறது.

நல்ல நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தேநீர் வேளையில் கேட்பீர்கள். நட்சத்திரம் பார்த்து நாள் குறித்துச் சிசேரியன் செய்யச் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்பே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடும். ஒரு முறை வயிற்றைக் கிழித்தால் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அந்தத் தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஜாதகத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். குழந்தை பிறந்த நேரத்தை வைத்துத்தான் ஜாதகம் கணிப்பது நம் முன்னோர் வழக்கம். ஜாதகத்தை முன்னால் வைத்துக் குழந்தையைப் பின்னால் இழுப்பது புதுப் பழக்கம். அதே நேரத்தில், டாக்டரே அவசரமாகச் சிசேரியன் வேண்டும் என்று சொன்னால், ராகு காலம் முடியட்டும் என்று கையெழுத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, முதல் பத்து நாளில் பலமுறை சமூகத் தாதி வந்து தாயையும் குழந்தையையும் பார்ப்பார். மஞ்சள்காமாலை இருக்கிறதா, தையல் ஆறுகிறதா, பால் சுரக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தனியாரில் பிரசவம் ஆனாலும் வருவார், ஆனால் அவருக்குச் செய்தி தெரிய வேண்டும். மகளின் அடையாள அட்டையில் ஷா ஆலம் முகவரி இருக்கும், மகளோ உங்கள் வீட்டில் பத்தியம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். ஆகவே உங்கள் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பிரசவத்துக்கு முன்பே கிளினிக்கில் கொடுத்து, பிங்க் புத்தகத்திலும் எழுதச் சொல்லுங்கள். அடுக்குமாடி என்றால் மாடி எண்ணும் வேண்டும். மின்தூக்கி பழுது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அவர் தராசைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும்.

உங்கள் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லத் தாதியார் பின் வரிசையில் இருக்கிறார். பிங்க் புத்தகம் கொண்டு வந்தவர்கள் முதலில் அவரிடம் போகலாம்.