மதிலற்ற சிறை

சிறை என்றதும் உயர்ந்த மதிலும் இரும்புக் கதவுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் 1963-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திறந்தவெளிச் சிறையோ வேறு வகையினது. அந்நாளில் ராஜஸ்தான் ஆளுநராயிருந்த சம்பூர்ணானந்தரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

தண்டனையில் ஒரு பகுதியை மூடிய சிறையில் நன்னடத்தையுடன் கழித்தோரே இங்கு அனுப்பப்பெறுகின்றனர். கொலைக் குற்றத்திற்கு ஆயுள்தண்டனை பெற்றோரும் அவர்களுள் உளர். மனைவி மக்களுடன் குடியிருந்து, பகலில் வெளியே சென்று உழைத்துத் தம் குடும்பத்தைத் தாமே காக்கின்றனர். மாலையில் பெயர் அழைக்கும் நேரத்திற்குத் திரும்புகின்றனர்.

ஓடிவிட வழியிருந்தும் ஏன் திரும்புகின்றனர்? இழக்க அஞ்சும் இல்லம் ஒன்று அங்கே இருப்பதனால் அன்றோ! விடுதலை பெறும் கைதி நாளை நம் அண்டை வீட்டில் வாழவேண்டியவன். குடும்பத்தையும் தொழிலையும் மறந்தவனாக அவன் வருவது நமக்கும் நன்றன்று.