உள்ளே காத்து பாத்தாச்சா?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

கடைசி வரிசையில் தம்பி தங்கைகள் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசி வரிசையை நான் குறை சொல்லவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். மடியில் ஒரு வாரப் பத்திரிகை இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் செயலாளர் போன் செய்து, "அண்ணே, சேஃப்டி பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் பாதுகாப்புப் பிரிவு. பாதுகாப்பு அதிகாரி மைக்கைப் பிடித்தால் தொழிலாளிகள் தூங்க ஆரம்பிப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் முதலில் செய்தி படிப்பதைப் பற்றிச் சொல்கிறேன். சுற்றிச் சுற்றி என் வேலைக்கே வந்து சேருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 மார்ச் முதல் வாரம். எங்கள் யூனிட்டில் பீகார்க்காரப் பையன்கள் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். மீதிப் பேர் அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போய்க் கதவைத் தட்டினேன். ஓரளவு தமிழ் பேசும் ஒரு பையன் வந்து, "சார், அம்மா போன் பண்ணி அழுவுது. உடனே ஊருக்கு வா சொல்லுது" என்று செல்போனை நீட்டினான். ஒருவனைப் பலர் சேர்ந்து வெட்டுகிற வீடியோ. தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களைக் கொல்கிறார்கள் என்று அதன் மேல் இந்தியில் எழுதியிருக்கிறது.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் சுற்றிய இரண்டு வீடியோக்களும் பொய்யாகப் பரப்பப்பட்டவை என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அவர்களே பேசி வெளியிட்டார். ஒன்று திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு கோஷ்டியாக மோதியது. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பிப் பார்க்கச் சொன்னது. பொய் பரப்பியவர்கள் மேல் வழக்கும் பாய்ந்தது. எல்லாம் சரி. ஆனால் அதற்குள் எங்கள் பையன்களில் பதினொரு பேர் ரயிலேறிவிட்டார்கள். ஹோலிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாலு பேர் திரும்பி வரவேயில்லை.

அந்த அறையில் நான் பார்த்த ஒரு விஷயத்தைத்தான் இங்கே சொல்ல வந்தேன். அதே பையன்கள் தினமும் ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக, ஹெல்மெட் இல்லாமல், கொல்கத்தா நெடுஞ்சாலையில் ராங் சைடில் வருகிறவர்கள். யூ-டர்ன் தூரத்தில் இருக்கிறதாம், பெட்ரோல் மிச்சமாம். கன்டெய்னர் லாரி எதிரே வரும்போது சிரித்துக்கொண்டே ஓரம் கட்டுவார்கள். எத்தனை முறை கேட்டில் நிறுத்தித் திட்டியிருக்கிறேன்! எங்கோ திருப்பூரில் நடந்த சண்டையைப் பார்த்து அறைக்குள் நடுங்கினார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு முகத்துக்கு நேரே வருகிற லாரிக்கு ஒருநாளும் நடுங்கியதில்லை. பீகார்க்காரர்களை மட்டும் சொல்லுவானேன், நம் பொன்னேரி, ஆரணி, மீஞ்சூர்ப் பையன்களும் அப்படித்தான்.

மட்டமான செய்தி பொய் சொல்கிறது என்று எல்லோரும் குறைப்படுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. மனுஷனுக்குப் பயம் ஒரு அளவுதான் இருக்கிறது. அந்தப் பயத்தை இவர்கள் கொண்டுபோய்த் தப்பான இடத்தில் கொட்டிவிடுகிறார்கள். வேண்டிய இடத்துக்கு மிச்சம் இருப்பதில்லை.

கவரைப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை இரவு. மைசூரிலிருந்து தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ் எட்டரை மணி வாக்கில் அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. மெயின் லைனில் போக வேண்டிய வண்டி லூப் லைனில் புகுந்துவிட்டது. பெட்டிகள் தடம் புரண்டன, தீயும் பிடித்தது. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஊர்க்காரர்கள் இருட்டில் ஓடிப்போய்ப் பயணிகளை இறக்கினார்கள். என் போனுக்கு வந்த முதல் செய்தியோ "நூறு பேர் பலி" என்றது. அனுப்பியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்! "யார் பார்த்தது சார்?" என்று கேட்டேன். "வந்துச்சு, அனுப்பினேன்" என்றார்.

இதற்கு முந்தின வருஷம், 2023 ஜூன் 2 அன்று, ஒடிசாவில் பாலசோர் பக்கம் பஹனாகா பஜாரில் இதே மாதிரி லூப் லைனில் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது கோரமண்டல் எக்ஸ்பிரஸ். நம் கும்மிடிப்பூண்டி வழியாக சென்னை வருகிற வண்டி. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாளே ஒரு படம் பரவியது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டடம், அது மசூதி என்று. ஜாடை புரிகிறதல்லவா? உண்மையில் அது இஸ்கான் கோயில். ஒடிசா போலீஸ் இப்படி மத வதந்தி பரப்பினால் நடவடிக்கை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. பின்னால் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணையில் வெளிவந்தது சிக்னல் ஒயரிங்கில் நடந்த தவறு. ஒரு பெட்டிக்குள் ஒயரைச் சரியாக மாட்டினோமா, மாட்டிய பிறகு சோதித்தோமா என்பதுதான் விஷயம். இதை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்? சுவாரசியம் இல்லையே!

அந்தப் பாலசோர் விபத்து ஒரு வாரம் நம் தூக்கத்தைக் கெடுத்தது. 2022ஆம் வருஷம் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 460க்கு மேல். ஒரு பாலசோருக்கும் அதிகமாக, ஞாயிற்றுக்கிழமை விடுமுறைகூட இல்லாமல். இது "பிரேக்கிங்" ஆவதில்லை, தினமும் நடக்கிறதல்லவா.

ரொம்ப யோக்கியன் போலப் பேசுகிறேனே, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1985, இரண்டாம் வருஷம். யூனிட் ரயில் அந்தப் பக்கம் பிளாட்பாரத்தில் வந்துவிட்டது. நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி நிற்கிறது. பாலம் ஏறினால் ரயில் போய்விடும், முதல் வகுப்பு கெமிஸ்ட்ரி, பேராசிரியர் (இதோ மேடையில் சிரிக்கிறார்) கதவைச் சாத்திவிடுவார். குனிந்து வேகனுக்கு அடியில் நுழைந்தேன். பாதியில் இருக்கும்போது கப்ளிங் "தடால்" என்றது. எப்படி வெளியே விழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது. பையின் வார் மாட்டிக்கொண்டது. சக்கரம் ஏறிய பிறகு என் டிபன் பாக்ஸ் தகடாகக் கிடைத்தது, தயிர்சாதத்தோடு. வீட்டில் தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அம்மா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது, அவர்களுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

அதைவிடக் கேட்கக்கூடாத விஷயம், அடுத்த வாரமே மறுபடியும் அப்படி நுழைந்தேன். தப்பித்தவனுக்கு வருகிற தைரியம் இருக்கிறதே, அது பொல்லாதது. மணிக்கு 90 கிலோமீட்டரில் வருகிற ரயில் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் நகர்கிறது, டிரைவர் பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும் என்பதெல்லாம் ஃபிசிக்ஸ் வகுப்பில் எனக்கும் தெரிந்ததுதான். வேகன் மேலே ஏறி செல்ஃபி எடுக்கிற பையன்களுக்கும் மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட் என்று தெரியும். தொடவே வேண்டாம், பக்கத்தில் போனாலே இழுத்துவிடும் என்பதுதான் தெரியாது.

பிறகு 1996. நான் அப்போது வேலை பார்த்த தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். ஒரு டேங்கைக் கழுவ ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மேன்ஹோல் வழியாக இறக்கினார்கள். டேங்கில் நைட்ரஜன் அடித்து வைத்திருந்தார்கள். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. நாம் சுவாசிக்கிற காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் அதுதான். அதனால்தான் உடம்பு ஏமாந்துபோகிறது. காற்றில் ஆக்சிஜன் சாதாரணமாக 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக் கூடாது. அளக்கிற மீட்டர் எங்களிடம் இருந்தது. ஆபீஸ் பீரோவில். சாவி வைத்திருந்தவர் விடுமுறை.

இறங்கியவர் அப்படியே மடிந்து விழுந்தார். "ஐயோ" என்று கூடவே ஒருவர் இறங்கினார், அவரும் விழுந்தார். மூன்றாவதாகக் காலை உள்ளே விட்டவன் நான். பின்னாலிருந்து எங்கள் ஃபோர்மேன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். எட்டாவது வரை படித்தவர். மேன்ஹோல் வாயில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு கத்தினார்: "டேய், உள்ளே காத்து பாத்தாச்சா?"

முகமூடி, கயிறு எல்லாம் வந்து இரண்டு பேரையும் தூக்கினோம். இரண்டாவதாகப் போனவர் பிழைத்தார். முதலில் இறங்கியவர் பிழைக்கவில்லை. தொழிற்சாலைச் சட்டத்தில் 36ஆம் பிரிவு அப்போது இதற்கென்றே இருந்தது, 1948லிருந்து. அதை எனக்குப் புரிய வைத்தது அந்தச் சட்டைக் காலர்தான். மறுவாரமே பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

அன்று சாயந்திரம் டீக்கடையில் "விஷவாயு, இருபது பேர் காலி" என்று வதந்தி. வதந்தி அந்தக் காலத்திலும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. அடுத்த நாள் பத்திரிகை நிருபர் ஒருவர் கேட்டுக்கு வந்து, எத்தனை பேர், என்ன வாயு, எந்த டேங்க் என்று என்னையே நாலு முறை கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது நினைத்தால் அவரும் ஃபோர்மேன் கேட்டதைத்தான் கேட்டிருக்கிறார்.

இன்று என் போனில் வருகிறது, "கும்மிடிப்பூண்டியில் பயங்கரம்! நடந்தது என்ன?" திறந்தால் நாலு விளம்பரம், அதைத் தாண்டினால் அதே தலைப்பு வேறு வார்த்தைகளில், கடைசியில் பார்த்தால் மூன்று வருஷத்துக்கு முந்தைய சங்கதி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்களே, அந்த நேரத்தில் ஒருவருக்குத் தேவைப்படுவது என்ன? என்ன வாயு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பக்கம் நடக்க வேண்டும். அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக விலகிப் போகலாம் என்று இரண்டு வரி. எனக்கு வந்த முப்பது ஃபார்வேர்டில் அந்த இரண்டு வரி இல்லை.

கடைசியாக ஒன்று. 2025 ஜூலை 13 விடியற்காலை திருவள்ளூர் பக்கத்தில் டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. 52 டேங்கரில் 18 எரிந்தன. பக்கத்துக் குடியிருப்புகளைக் காலி செய்யச் சொன்னார்கள். என் அக்கா மகன் திருவள்ளூரில்தான் இருக்கிறான். நம் கல்லூரியில்தான் படித்தான், இங்கே எங்கோ உட்கார்ந்திருக்கிறான். ஏழு மணிக்குப் போன் செய்தேன். "மாமா, பைக்ல போய்க்கிட்டிருக்கேன், வீடியோ எடுத்து அனுப்பறேன்" என்றான். அவனுக்கு முன்னாடி பத்துப் பைக் போகிறதாம். எரிகிற டேங்கரைப் பார்த்து ஊரே விலகி ஓடுகிறது, இவர்கள் அதை நோக்கி ஓடுகிறார்கள், ஹெல்மெட் இல்லாமல், ஒரு கையில் போனோடு. செய்தி தயாரிக்க!

போனில் சட்டைக் காலரைப் பிடிக்க முடியாதே. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தலைப்பில் போட்டிருக்கிறார்கள். அவனுக்குப் புரியவில்லை, "எந்தக் காத்து மாமா?" என்றான். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் போலீஸ்காரர் வழிமறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் என்னோடு வரலாம். பாலம் ஏறித்தான் போவேன், முழங்கால் வலி, மெதுவாகத்தான் ஏறுவேன். ரயில் போய்விட்டால் அடுத்த ரயில் வரும்வரை பழைய கதை பேசிக்கொண்டிருக்கலாம்.