காணும் என்று நில்லாதவர்

பந்தியில் சோறு போதுமானால் மட்டக்களப்பார் "காணும்" என்று இலைக்கு மேலே கையை மறிப்பார்கள். நல்ல சொல்தான். அது படிக்கிற மேசைக்கும் ஏறிவிட்டால்தான் ஊருக்குக் கேடு. அந்த மேசையில் அதைச் சொல்லாத ஒருவர், மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே காரைதீவில் 1892 மார்ச் 27-இல் பிறந்தார். வீட்டார் வைத்த பெயர் மயில்வாகனம். உலகம் அறிந்த பெயர் சுவாமி விபுலாநந்தர்.

மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேறினார். அந்தக் காலத்தில் ஒரு நல்ல உத்தியோகத்துக்கு அதுவே காணும். அவர் நிற்கவில்லை. 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் வென்றார். அதே ஆண்டில் கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தபடியே இலண்டன் பி.எஸ்ஸி. பட்டத்துக்கும் படித்தார். 1920-இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். 1922-இல் அதையும் விட்டு மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போய், 1924-இல் துறவு பூண்டார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் நாற்காலி வந்தது. இரண்டே ஆண்டில் எழுந்துவிட்டார்.

இதை அலைச்சல் என்று சொல்ல இடமுண்டு. இன்னும் பத்து ஆண்டு இருந்திருக்கலாமே என்று அந்த நிறுவனங்கள் ஏங்கியிருந்தால் அதுவும் நியாயமே. ஆனால் பதவிகளை இப்படிக் கழற்றிப் போட்டவர் ஒன்றை மட்டும் விடவில்லை.

அது யாழ்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை யாழாசிரியனின் இலக்கணத்தைச் சொல்கிறது. ஆனால் கருவியோ தமிழர் கையிலிருந்து எப்போதோ மறைந்துபோயிற்று. உரையாசிரியர்கள் தந்த குறிப்புகள் பண்டிதருக்குத் தமிழாக விளங்கின, கணக்காக விளங்கவில்லை. கணக்கு அறிந்தவருக்குச் சிலப்பதிகாரம் எட்டவில்லை. விபுலாநந்தரிடம் இரண்டும் இருந்தன. கட்டிய ஒரு கம்பியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் அதிரவிட்டால் ஐந்தாம் சுரம் பிறக்கும். பழந்தமிழில் குரல் என்ற முதற் சுரத்துக்கு இதை இளி என்பார்கள். இத்தகைய பின்னங்களைப் பிடித்துக்கொண்டு பாலை, பண் என்ற பழைய இசை முறைகளை ஒவ்வொன்றாகக் கணித்துப் போனார். பண்டிதர் பட்டத்தோடு நின்றிருந்தால் உரைக்கு மேல் இன்னோர் உரை எழுதியிருப்பார், பி.எஸ்ஸி.யோடு நின்றிருந்தால் நல்லதொரு பௌதிக ஆசிரியராக ஓய்வு பெற்றிருப்பார்.

இந்த வேலை பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. இடையில் 1936-இல் சென்னைக் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை, பிறகு இமயத்து மாயாவதியில் 'பிரபுத்த பாரத' ஆசிரியப் பணி, 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி. உடம்பு தளர்ந்த பிறகும் கணக்கு ஓயவில்லை. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 ஜூன் 5-இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் 'யாழ் நூல்' அரங்கேறியது. ஆறு கிழமை கழித்து, ஜூலை 19-இல் அவர் காலமானார்.

இனி நம் பக்கம் பார்ப்போம். மட்டக்களப்பை "மீன்பாடும் தேன்நாடு" என்று வாசலிலும் மேடையிலும் எழுதி வைக்கிறோம். பழைய ஆட்கள் நிலவு காலத்தில் கல்லடிக்குத் தோணி விட்டு, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் இறக்கி, மறுநுனியில் காதை வைத்து வாவியின் பாட்டைக் கேட்டார்கள். பாடுவது மீனில்லை, ஊரிதான் என்று மீனவர்கள் சொன்னார்கள். பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் 1848-இல் இங்கே வந்து கேட்டு எழுதி வைத்தார். விபுலாநந்தரும் 'நீரர மகளிர்' என்று அந்த ஓசையைப் பாட்டாக்கினார். பலகை எழுதும் நம்மில் துடுப்பில் காது வைத்தவர் எத்தனை பேர்?

விபுலாநந்தர் விஷயத்திலும் இதே கதைதான். சிலை உண்டு, வீதி உண்டு, கல்லடியில் அவர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகமும் உண்டு. மாலை போட்டதும் "காணும்" என்று கையை மறித்துவிடுகிறோம்.

ஆகவே இந்த அவையிலுள்ள மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாழ் நூலில் இசைநரம்பியல் என்றோர் இயல் இருக்கிறது. நூலகத்தில் அதை எடுத்து, பென்சிலும் தாளுமாக உட்காருங்கள். முதல் நாள் ஒரு பக்கம் நகர்ந்தாலே பெரிது.