பழைய மோட்டார்களும் பழனிச் சாலையும்



பழைய மோட்டார் கார்களைப் பிரியமாக வைத்துப் பேணுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒன்றுகூடி, நாலைந்து நாட்கள் கிராமாந்தரச் சாலைகளில் ஓட்டிச் செல்வதற்கு ஒரு யாத்திரையை வகுப்பது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். துடைத்து மெருகேற்றிக் கண்காட்சியில் நிறுத்திவைத்த காரைச் சுற்றி வந்து பார்ப்பதிலும் ஓர் இன்பம் உண்டு; ஆயினும், ஓடுவதற்கென்றே பிறந்த ஒரு யந்திரத்தை, அது புதிதாக வந்த காலத்தில் எவ்விதமான சாலையில் எந்த வேகத்தில் ஓடியதோ, அவ்விதமான சாலையில் அதே வேகத்தில் மறுபடியும் ஓடவிட்டு, அதன் சப்தத்தைக் கேட்டுக்கொண்டே போவதில் கிடைக்கும் ஆனந்தத்துக்கு அது ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய யாத்திரைகளுக்கு வழி பார்த்துக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். கூட்டத்தில் எந்தக் கார் மிகவும் மூத்ததோ, எதன் பிரேக் மிகவும் பலவீனமானதோ, அந்த ஒன்றை மனத்தில் வைத்துத்தான் வழியைத் தீர்மானிக்க வேண்டும் என்பது நான் விடாமல் கைக்கொள்ளும் நியமம். 1920-களில் வந்த கார்கள் பலவற்றுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு. ஃபோர்டு கம்பெனியார் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்குமேல் செய்து விற்ற மாடல் டி காரிலோ, மிதியை அமுக்கினால் கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு பட்டை இறுகிப் பிடித்துத்தான் வண்டி நிற்கும். அந்தக் காரில் பெட்ரோல் டாங்கி ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. பம்பு இல்லாமல் தானாகவே வழிந்து எஞ்சினுக்கு வரவேண்டிய பெட்ரோல், டாங்கியில் குறைவாக இருந்தால், செங்குத்தான ஏற்றத்தில் வராமலே நின்றுவிடும். அதனால் அக்காலத்து டிரைவர்கள் அப்படிப்பட்ட மேடுகளில் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே ஏற்றியிருக்கிறார்கள். இவற்றை அறிந்த ஒருவர், பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலை எவ்வளவு ரம்மியமாக இருந்தபோதிலும், அந்தப் பக்கம் கூட்டத்தை அழைத்துச் செல்லத் துணியமாட்டார்.

எனக்கு மிகவும் உகந்த வழி, கோயம்புத்தூரில் புறப்பட்டுப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு காரைக்குடி போய்ச் சேரும் வழி. கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 400 மீட்டர் உயரத்திலும், காரைக்குடி 100 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலும் இருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்குப் பூமியே மெல்லச் சரிந்து கொடுத்து உபகாரம் செய்கிறது. 1920-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்கள் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி ஓட்டத் தொடங்கியதும் இந்தப் பொள்ளாச்சி - பழனி மார்க்கத்தில்தான். இப்போது அகலச் சாலைகளும் புறவழிச் சாலைகளும் வந்து, விரைந்து போகும் வண்டிகளெல்லாம் அவற்றின் பக்கம் திரும்பிவிட்டதால், ஊருக்குள் நுழைந்து வெளியேறும் பழைய சாலை நம்மைப் போன்றவர்களுக்கு மிஞ்சியிருக்கிறது. பொள்ளாச்சியைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும்போது, தெற்கே ஆனைமலைத் தொடர் வெகுதூரம் கூடவே வரும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்கே அந்த மலை முழுமையாகக் காணக் கிடைக்கும்.

வழி பார்க்கப் போகும்போது, கூட்டம் எந்த நாழிகையில் அங்கே ஓட்டிச் செல்லப் போகிறதோ அதே நாழிகையில் போய்ப் பார்ப்பது அவசியம். பிற்பகலில் பார்த்துவிட்டு வந்தால் காலை வெயில் எங்கிருந்து அடிக்கும் என்பது தெரியாது. இந்த வழி கிழக்கு நோக்கிப் போவதால், விடிந்து இரண்டு மணி நேரம் வரையில் சூரியன் நேராகக் கண்ணில் விழுகிறது. முன்கண்ணாடிக்கு மறைப்பு இல்லாத கார்களில், விளிம்பு நீண்ட தொப்பி இல்லாமல் ஓட்ட முடியாது. அப்படியானால் சாவகாசமாகப் புறப்படலாமே என்று கேட்பீர்கள். கூடாது, நேயர்களே! பதினொரு மணிக்குமேல் ஏறும் உஷ்ணத்தில், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொண்டு எஞ்சின் திக்கித் திணறும். குழாய்மேல் ஈரத்துணியைச் சுற்றி அதைச் சமாதானப்படுத்துவதைவிட, அதற்கு முன்பே நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்காருவது சிறந்தது.

தண்ணீரைப் பற்றி நான் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஒரு முறை ஒட்டன்சத்திரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, நண்பர் ஒருவருடைய ஆஸ்டின் செவன் கொதித்துவிட்டது. 747 சி.சி. எஞ்சின் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு காரில் தண்ணீரைச் சுழற்றுவதற்குப் பம்பு கிடையாது; சூடேறிய தண்ணீர் மேலே ஏற, ரேடியேட்டரில் குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்க, இயற்கையின் நியதிப்படியே அது சுழல்கிறது. தண்ணீர் மட்டம் மேல்குழாயின் வாய்க்குக் கீழே போய்விட்டால் சுழற்சி நின்றுபோகும். கூட வந்த இளைஞர் ஒருவர் பதற்றத்துடன் மூடியைத் திறக்கக் கையை நீட்டினார்; எங்களுடன் வந்திருந்த வயதான மெக்கானிக், "தம்பி, தொடாதே! கை வெந்துடும், இந்தச் சூட்டிலே பச்சைத் தண்ணியை ஊத்தினா பிளாக்கும் வெடிச்சுடும்" என்று தடுத்து, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றடியிலிருந்து ஓர் அம்மாள் குடத்தோடு வந்து, "தண்ணி வண்டிக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார்கள். இரண்டுக்கும்தான் என்றோம். முதலில் எங்களுக்கு மோர் வந்தது. மோர் குடித்து முடிப்பதற்குள் வண்டியும் ஆறியிருந்தது. நான் தயாரிக்கும் வழிப்புத்தகத்தில், திருப்பங்களைக் குறிப்பது போலவே, எங்கெங்கே சாலையோரமாகக் கிணறு அல்லது பம்புசெட்டு இருக்கிறது, நிழல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் குறித்து வைக்கிறேன். அந்தப் பக்கங்களை எழுதும்போது எனக்கு உண்டாகும் உற்சாகம் வேறெதிலும் உண்டாவதில்லை.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதும் சுலபமல்ல. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும்போது, திறந்த காரில் தலையை நிமிர்த்தி உட்கார இயலாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். தை மாதம் சீதோஷ்ணம் இதமாகத்தான் இருக்கும். ஆனால் தைப்பூசத்துக்காக நகரத்தார் காவடிகளும் எண்ணற்ற பக்தர்களும் செட்டிநாட்டிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து வருகிற சாலை இதுவே. பாத யாத்திரை போகிறவர்களுக்கு எதிரே நம்முடைய வண்டிகளைப் புகையோடு ஓட்டிக்கொண்டு போவது தகாது. ஆகையால் பூசம் கழிந்து, மாசி பிறந்த பிறகே நாள் வைப்பது உசிதம். அப்போதும், மாசி மகத்தன்று சிங்கம்புணரிக்கு அருகே அரளிப்பாறையில் மஞ்சுவிரட்டு நடைபெறுவதால் அந்த ஒரு நாளை விலக்கிவிட வேண்டும்.

நேரம் குறுகிக்கொண்டு வருவதால் மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பொள்ளாச்சி வரை 40 கிலோமீட்டர் போதும். வண்டிகளின் குறைகள் அன்றே தலைகாட்டிவிடும். மறுநாள் பழனி, அதற்கு மறுநாள் திண்டுக்கல். பரீட்சையில் தேறிய வண்டிகளுக்கு நான்காம் நாள் காரைக்குடி வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீண்ட ஓட்டம். ஃபேன் பெல்ட், பிளக், கண்டென்சர், ரேடியேட்டர் ஹோஸ், டியூப் ஆகியவற்றோடு ஒரு மெக்கானிக்கும், படுத்துவிட்ட வண்டியை ஏற்றிக்கொள்ள ஒரு லாரியும் பின்னால் வரவேண்டும். ஆறு வோல்ட் விளக்குகளை நம்பி இரவில் ஓட்டலாகாது. 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூல உருவம் மாறாத கார்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்களுடன் தனிப் பதிவு உண்டு. அவ்விதம் பதிந்த காரை நித்தியப் பிரயாணத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக்கூடாது என்றாலும், இத்தகைய கூட்டு ஓட்டங்களுக்கு அனுமதி இருக்கிறது. காகிதங்களைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியை அடுத்த கானாடுகாத்தானின் அகன்ற வீதிகளில், பெரிய பெரிய வீடுகளுக்கு முன்னே இந்தக் கார்கள் வரிசையாக வந்து நிற்கையில், அந்தத் தெருவுக்கென்றே அவை செய்யப்பட்டவையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நேயர்களில் யாருடைய வீட்டுக் கொட்டகையிலாவது பாட்டனார் ஓட்டிய கார் ஒன்று சாக்குப் போர்த்திக் கிடக்குமாயின், அதை நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, பிரேக்கையும் ரேடியேட்டரையும் செப்பனிட்டு, வருகிற மாசியில் பொள்ளாச்சிச் சாலைக்குக் கொண்டு வந்து எங்களோடு சேர்ந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.