ஜோயியின் போர்டு: 1994-ல் வந்த கேம் இன்னும் எப்படி ஓடுது?

இன்னைக்கு ஒரு பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் கேம் பத்திப் பேசலாம். பேரு 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'. 1994-ல் வந்தது. உருவாக்கியது இங்கிலாந்தின் ரெவல்யூஷன் சாஃப்ட்வேர். ஓவியம் 'வாட்ச்மென்' காமிக்ஸ் வரைந்த டேவ் கிப்பன்ஸ். இதுல வேகமா சுட்டுத் தள்ளுற வேலை கிடையாது. மவுஸால பொருட்களை க்ளிக் பண்ணணும், ஆட்கள்கிட்ட பேசணும், யோசிக்கணும். அதான் 'பாயின்ட் அண்ட் க்ளிக்'.

நான் இதை விளையாடினது 2005 வாக்கில், ராஜபாளையத்தில். என் நண்பன் ஸ்ரீவில்லிபுத்தூர்லேர்ந்து பஸ்ல எங்க ஸ்கூலுக்கு வருவான். ரெண்டு பேர் வீட்லயும் கம்ப்யூட்டர் உண்டு, இன்டர்நெட் கிடையாது. ஒருநாள் ராத்திரி அவன் விளையாடி, சேவ் ஃபைலை ஃப்ளாப்பியில போட்டுக் காலையில கொண்டு வருவான். மறுநாள் என் முறை.

கதையின் நாயகன் ராபர்ட் ஃபாஸ்டர். ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளியில் வளர்ந்தவன். ஆயுதம் ஏந்திய ஆட்கள் அவனைப் பிடித்து யூனியன் சிட்டிக்குக் கொண்டு போறாங்க. ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்குது, அவன் தப்பிக்கிறான். அந்த நகரம் தலைகீழ். தொழிற்சாலையும் தொழிலாளிகளும் மேல்தளத்துல, பணக்காரங்க தரைத்தளத்துல. உயரம்னாலே ஆண்டாள் கோயில் கோபுரம்னு பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது ரொம்ப விசித்திரமா இருந்துச்சு.

ஃபாஸ்டர் கையில இருக்கறது ஒரு சர்க்யூட் போர்டு மட்டும்தான். அதுதான் ஜோயி, அவனே செஞ்ச ரோபோ. உடம்பு போச்சு, ஆனா நினைவும் நக்கலும் போர்டுல பத்திரமா இருக்கு. குப்பையில கிடக்கற ஒரு பழைய ரோபோவுல அதைச் சொருகினா, ஜோயி எழுந்து உட்கார்ந்து புது உடம்பைப் பத்திக் குறை சொல்லும். கேம் முழுக்க இப்படி உடம்பு மாறும், ஆள் மாறாது.

கிட்டத்தட்ட பாதி கேம் தாண்டின நேரத்துல எங்க ஃப்ளாப்பி செத்துப்போச்சு. வெயிலா, பை அழுத்தமா, தெரியல. காப்பி எதுவும் எடுத்து வைக்கல. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லி, ஒரு வாரம் பேசல.

ஆனா கேம் சாகல. அதுக்குக் காரணம் இருக்கு. படம், ஒலி, வசனம் எல்லாம் டேட்டா ஃபைல்ல இருக்கு. அதை ஓட்டற புரோகிராம்தான் டாஸ், அமிகா காலத்து மெஷினுக்கு எழுதினது. மெஷின் போனா புரோகிராமும் போச்சு. 2001-ல் தொடங்கின ஸ்கம்விஎம் என்ற திட்டத்தின் தன்னார்வலர்கள், இப்படிப்பட்ட பழைய கேம்களுக்குப் புது புரோகிராம் எழுதறவங்க. ரெவல்யூஷன் தன்னோட சோர்ஸ் கோடை அவங்ககிட்ட கொடுத்துச்சு. 2003-ல் கேமையே இலவசமா விட்டுச்சு. அதனாலதான் அது எங்க ஊர் வரைக்கும் வந்து சேர்ந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க, இதுவும் ஜோயி கதைதான். டேட்டா ஃபைல்தான் போர்டு, ஸ்கம்விஎம்தான் புது உடம்பு.

இன்னைக்கு நாம காசு கொடுத்து வாங்கற பல கேம்களுக்கு இந்த வசதி இல்ல. சர்வரை மூடினா அதோட முடிஞ்சுது. அடுத்த உடம்புக்கு மாத்த போர்டு நம்ம கையில இல்ல, கொடுக்க வேண்டியவங்க கொடுக்கறதும் இல்ல. ரெவல்யூஷன் கொடுத்ததால நஷ்டமாகிடல. 2020-ல் இரண்டாம் பாகமே கொண்டு வந்தாங்க.

போன மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். அதே கேம் என் மொபைல்ல. நண்பன் சிரிச்சுக்கிட்டே, "மாப்ள, இந்தத் தடவை காப்பி எடுத்து வச்சியா?"ன்னான். முதல் கதவைத் திறக்கவே எங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு. அவன் பொண்ணு அஞ்சு நிமிஷத்துல, "மாமா, இந்தப் படிக்கட்டுக் கம்பியைக் கழட்டலாம் போல"ன்னு சொல்லிட்டா.

ஸ்கம்விஎம் தளத்துல இலவசமா கிடைக்குது, விளையாடிப் பாருங்க. சேவ் ஃபைலை மட்டும் ரெண்டு இடத்துல வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.